எடிசனில் 1952இல் கட்டிய வீடு: வெளிச்சுவரில் இருப்பது கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷிங்கிள் என்றால் வாங்கலாமா?

கேள்வி: ரயிலடி

வணக்கம். மத்திய நியூ ஜெர்சியில் ஓராண்டுக்கும் மேலாக வீடு தேடி வருகிறோம். எடிசனில், மெட்டச்சன் எல்லையை ஒட்டி, ரயில் நிலையத்துக்கு நடந்தே போகக்கூடிய தூரத்தில் உள்ள ஒரு கேப் காட் (செங்குத்தான சாய்கூரை உள்ள சிறு வீட்டு வகை) வீட்டுக்கு நாங்கள் சொன்ன விலையை விற்பவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். 1952இல் கட்டிய வீடு. கீழே இரண்டு படுக்கையறைகள், மேலே சாய்கூரைக்குள் ஒடுங்கிய ஓர் அறை, முழு பேஸ்மென்ட். அதே தெருவில் அதே அளவுள்ள வீடுகள் விற்ற விலையைவிட இது குறைவு. அதற்குக் காரணம் வெளிச்சுவர்தான் என்று நினைக்கிறேன்.

சுவர் முழுவதும் சாம்பல் கலந்த வெள்ளை வண்ணம் பூசிய ஷிங்கிள்கள், அதாவது ஒன்றன்மேல் ஒன்று படியப் பதித்த மெல்லிய பலகைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டடி அகலமும் ஓரடி உயரமும் இருக்கும். மேற்பரப்பில் மரவரி போன்ற கோடுகள் தெரிகின்றன. கீழ் விளிம்பு நேராக இல்லாமல் அலை அலையாக இருக்கிறது. விரலால் தட்டினால் மரத்தின் ஓசையோ வைனைல் பிளாஸ்டிக்கின் ஓசையோ வரவில்லை. மண்ஓட்டைத் தட்டியதுபோல் ஒலிக்கிறது. கார் நிறுத்தும் பக்கத்தில் நாலைந்து ஷிங்கிள்களின் மூலை உடைந்திருக்கிறது. தெற்குச் சுவரில் வண்ணம் உரிந்து நிற்கிறது. எங்கள் ஏஜென்ட், “அந்தக் காலத்துச் சிமென்ட் ஷிங்கிள், இந்தப் பகுதியில் பாதி வீடுகளில் இருக்கிறது” என்று சொல்லிக் கடந்துவிட்டார். விற்பவர் தமக்குத் தெரிந்த குறைகளை எழுதித் தரும் படிவத்தில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை. நேரில் கேட்டபோது, தெரியாது என்றார்.

எங்களுக்கு ஆறு வயதிலும் மூன்று வயதிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். திருச்சியில் இருக்கும் என் அப்பா, “நாம் எல்லோரும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீட்டில்தானே குடியிருந்தோம், யாருக்கு என்ன வந்துவிட்டது” என்கிறார். மனைவியின் அக்கா படத்தைப் பார்த்தவுடனே அந்த வீடே வேண்டாம் என்றுவிட்டார். ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டாயிற்று. ஒப்பந்தத்தை வழக்கறிஞர் பார்த்து மாற்றவோ ரத்து செய்யவோ உள்ள மூன்று வேலை நாள் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. இது கல்நார்தானா என்று எப்படி உறுதி செய்வது, உறுதியானால் விலகிவிடுவதா, விலையைக் குறைக்கச் சொல்வதா, அப்படியே வாங்கிக் குடியேறுவதா என்பதை இப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர்களும் துறை அறிந்தவர்களும் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: ராரிட்டன்கரை

ஹைலண்ட் பார்க்கில் இதே போன்ற சுவர் உள்ள வீட்டில்தான் நாங்கள் பல ஆண்டுகளாக இருக்கிறோம். நீங்கள் சொல்லும் அளவு, அலை விளிம்பு, மரவரி, ஓசை எல்லாமே கல்நார்ச் சிமென்ட் ஷிங்கிளின் அடையாளங்கள். கீழ் விளிம்பை ஒட்டி வரிசையாக ஆணித்தலைகள் தெரிந்தால் ஐயம் இன்னும் குறையும். 1900ஆம் ஆண்டை ஒட்டி ஆஸ்திரியாவில் லூட்விக் ஹாட்செக் என்பவர், சிமென்டையும் கல்நார் இழையையும் நீரில் கலந்து, மெல்லிய படலங்களாகப் படியவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்திப் பலகையாக்கும் முறையைக் கண்டார். தீப்பிடிக்காது, உளுக்காது, கறையான் தொடாது, விலையும் மலிவு என்பதால் 1930களிலிருந்து 1950கள் வரை அமெரிக்கச் சிறு வீடுகளின் வெளிச்சுவரெல்லாம் இதுதான் ஏறியது. கல்நார் இல்லாத இழைச் சிமென்ட் பலகைகள் பரவியது மிகப் பிற்பாடு. ஆகவே 1952இல் கட்டிய வீட்டில் முதலில் போட்ட ஷிங்கிள் இன்னும் இருக்கிறதென்றால், சோதனை வேறாகச் சொல்லும்வரை அதைக் கல்நார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் பகுதிக்கும் இந்தப் பொருளுக்கும் நெருங்கிய உறவு உண்டு. உங்கள் வீட்டிலிருந்து சுமார் அரை மணி நேரக் கார்ப் பயணத்தில் உள்ள மான்வில் என்ற ஊர், ஜான்ஸ்-மான்வில் நிறுவனத்தின் கல்நார்த் தொழிற்சாலையைச் சுற்றி எழுந்து, அதன் பெயரையே தாங்கி நிற்கிறது. நோயுற்ற தொழிலாளர்களின் வழக்குகள் பெருகி, 1982 ஆகஸ்டில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. அதற்கும் முன்பே, நம் மாநிலத்தின் பேட்டர்சனில் மருத்துவம் பார்த்துவந்த இர்விங் செலிகாஃப், கல்நாரோடு வேலை செய்தவர்களின் நுரையீரல்களை ஆராய்ந்து 1960களில் எழுதியவைதான் நாட்டின் கண்ணைத் திறந்தன. இவற்றைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோயுற்றவர்கள் பெரும்பாலும் இழையைப் பிரித்தவர்கள், கலந்தவர்கள், அறுத்தவர்கள், குழாய்க்கு உறை சுற்றியவர்கள், அவர்கள் தூசியோடு வீட்டுக்குக் கொண்டுவந்த உடையைத் துவைத்த குடும்பத்தார். சுவருக்கு வெளியே, சிமென்டுக்குள் இறுகி, வண்ணம் பூசிய நிலையில் இருக்கும் இழை தானாகக் காற்றில் கிளம்புவதில்லை. நல்ல நிலையில் உள்ள பொருளைத் தொடாமல் விட்டுவிடுவதே மேல் என்பதுதான் மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அறிவுரையும்.

நாங்கள் செய்வது இவ்வளவுதான். உயர் அழுத்த நீர் பாய்ச்சிச் சுவரைக் கழுவுவதில்லை. தோட்டக் குழாயும் மென்மையான தூரிகையும் போதும். உரிந்த வண்ணத்தை உலர்ந்த நிலையில் சுரண்டுவதோ உப்புத்தாள் போடுவதோ இல்லை. புல் வெட்டும் இயந்திரம் கல்லைத் தூக்கி அடித்து ஷிங்கிளை உடைக்காதபடி சுவரோரம் ஓரடிக்குப் புல்லை எடுத்துவிட்டுச் சரளைக்கல் போட்டிருக்கிறோம். புயலில் உடைந்த ஷிங்கிள்களுக்குப் பதிலாக அதே அலை விளிம்போடு, கல்நார் இல்லாமல் செய்த இழைச் சிமென்ட் ஷிங்கிளை வாங்கி மாட்டினோம். வண்ணம் பூசியபின் வேறுபாடு தெரியவில்லை. என்னைக் கேட்டால், வாங்குங்கள்.

பதில்: நுண்ணோக்கி

கட்டடங்களில் கல்நாரைக் கண்டறியும் பணியில் இருக்கிறேன். மேலே நண்பர் எழுதியது வெளிச்சுவரைப் பொறுத்தவரை சரி. ஆனால் “வாங்குங்கள்” என்று முடிக்கும் அளவுக்குக் கேள்வியில் தகவல் இல்லை. வெளியில் இந்த ஷிங்கிளைப் போட்ட கட்டுநர், அதே ஆண்டில் உள்ளே என்னென்ன போட்டார் என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. நான் பார்க்கும் வீடுகளில் வெளிச்சுவரைக் கண்டு பதறுகிறவர்கள், பேஸ்மென்ட் குழாயைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அந்தக் குழாய்தான் பல மடங்கு கவலைக்குரியது.

கையால் அழுத்தினால் உலர்ந்த நிலையில் பொடியாகிவிடும் பொருள் ஒரு வகை. பொடியாகாத பொருள் மற்றொரு வகை. ஷிங்கிள் இரண்டாம் வகை. வெந்நீரோ நீராவியோ ஓடும் பாய்லர்க் குழாய்களின் மேல் சுற்றிய வெள்ளை உறை முதல் வகை. அதை வெட்டிப் பார்த்தால் அட்டைப்பெட்டியின் உள்மடிப்புப்போல் அடுக்கடுக்காக இருக்கும், குழந்தை கை பட்டாலே உதிரும். சூடேற்றும் காற்றுக் குழல்களின் இணைப்புகளில் ஒட்டிய வெள்ளை நாடா, பாய்லரிலிருந்து புகைபோக்கிக்குப் போகும் சாம்பல் நிறச் சிமென்ட் குழாய், தரையில் ஒன்பது அங்குலச் சதுர ஓடுகள், அந்த ஓடுகளுக்கு அடியில் பூசிய கறுப்புப் பசை ஆகியவற்றையும் பாருங்கள். ஓடு நல்ல நிலையில் இருந்தால் அதன்மேல் வேறு தரையைப் போட்டு மூடிவிடலாம். உறை கிழிந்திருந்தால் அப்படி விட முடியாது.

அட்டிக்கை (கூரைக்கடியில் உள்ள இடத்தை) மறக்காதீர்கள். கேப் காட் வீட்டில் மேலறையின் இரு பக்கமும் முழங்கால் உயரச் சுவருக்குப் பின்னால் ஒடுங்கிய இடம் இருக்கும். அங்கே சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில், பளபளக்கும் சிறு கூழாங்கல் போன்ற துகள்கள் கொட்டிக் கிடந்தால் அது வெர்மிகுலைட் என்ற குளிர்காப்புக் கனிமம். இந்நாட்டில் விற்ற வெர்மிகுலைட்டில் பெரும்பகுதி மொன்டானாவின் லிபி என்ற ஊர்ச் சுரங்கத்திலிருந்து வந்தது. அந்தச் சுரங்கம் 1990இல் மூடப்பட்டது. அதில் இயற்கையாகவே கல்நார் கலந்திருந்தது. எனவே எந்த வெர்மிகுலைட்டையும் கல்நார் கலந்ததாகக் கருதித் தொடாமல் விட வேண்டும் என்பதே அறிவுரை. சொனோலைட் என்ற பெயரில் விற்ற அந்தப் பொருளை அகற்றும் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தர ஓர் அறக்கட்டளையும் இயங்குகிறது. அந்த இடத்தைப் பொருள் வைக்கும் அறையாகப் பயன்படுத்தும் வழக்கம் நம்மவர்களுக்கு உண்டு என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இனிச் சோதனை பற்றி. கண்ணால் பார்த்து யாராலும் உறுதி சொல்ல முடியாது. கட்டைவிரல் நகத்தளவுத் துண்டு போதும். முனைவாக்க ஒளி நுண்ணோக்கியின் கீழ் வைத்து, இழை உண்டா, எந்த வகை, எத்தனை விழுக்காடு என்று ஆய்வுக்கூடம் சில நாளில் எழுதித் தரும். ஒரு விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் சட்டப்படி அது கல்நார் உள்ள பொருள். ஒரு மாதிரிக்கான ஆய்வுக்கட்டணம் பெரும்பாலும் நூறு டாலருக்குள் அடங்கும். ஆள் வந்து எடுத்துப் போவதற்குத் தனிக் கட்டணம். ஆனால் வீடு இன்னும் உங்களுடையதல்ல. மாதிரி எடுப்பது என்றால் ஒரு துண்டை உடைப்பது என்று பொருள். விற்பவரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் செய்யக்கூடாது. ஏற்கெனவே உடைந்த மூலைகள் இருப்பது இதற்கு வசதி. நீங்களே எடுக்க வேண்டாம்.

வீட்டு இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடாதீர்கள். அவர் தரும் ஒப்பந்தத்தைப் படித்தால், கல்நாரைக் கண்டறிவது தம் பணியில் சேராது என்று எழுதியிருப்பதைக் காண்பீர்கள். நல்லவராக இருந்தால், “ஐயத்துக்குரிய பொருள், துறை வல்லுநரைக் கொண்டு பார்க்கவும்” என்று ஒரு வரி எழுதுவார். ஆகவே இந்த மூன்று நாளுக்குள் உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லி, கல்நார் ஆய்வுக்கு மாதிரி எடுக்கும் உரிமையையும், முடிவு உங்களுக்கு ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டால் முன்பணத்தோடு விலகும் உரிமையையும் ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். ஈய வண்ணத்துக்கு மத்தியச் சட்டம் தனியாகவே வழி செய்திருக்கிறது. 1978க்கு முன் கட்டிய வீட்டை விற்பவர் தமக்குத் தெரிந்ததை வெளிப்படுத்தி, சோதித்துப் பார்க்க வாங்குபவருக்குப் பத்து நாள் தர வேண்டும். கல்நாருக்கு அப்படி ஒரு மத்தியச் சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியதுதான் உங்கள் பிடி.

தெற்குச் சுவரில் உரிந்து நிற்கும் வண்ணத்தில் ஈயம் இருக்கவும் வாய்ப்பு மிகுதி. உரிந்த சில்லுகள் சுவரோர மண்ணில்தான் விழுந்திருக்கும். மூன்று வயதுக் குழந்தை உள்ள வீட்டில், உடையாத ஷிங்கிளைவிட அந்த மண்ணே எனக்கு அதிகக் கவலை தருகிறது. மண்ணையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். கீரைப் பாத்தியைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள்.

பதில்: கணக்குப்பிள்ளை

இருவரும் உடல்நலத்தைப் பற்றி எழுதிவிட்டார்கள். நான் பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வீட்டில் நீங்கள் பெரும்பாலும் சந்திக்கப் போவது நோயை அல்ல, செலவை.

“தொடாமல் விட்டால் ஆபத்தில்லை” என்பது உண்மை. அந்த வாக்கியத்தின் முதல் பாதியை எத்தனை ஆண்டுக்குக் காப்பாற்ற முடியும் என்று யோசித்துப் பாருங்கள். குளியலறைக்கு ஈரம் வெளியேற்றும் விசிறி வைக்க வேண்டும் என்றால் சுவரில் துளை. மேலறைக்கு மினி ஸ்ப்ளிட் குளிரூட்டி என்றால் துளை. மின்சாரக் காருக்கு வெளிச்சுவரில் சார்ஜர் என்றால் துளை. அடுக்களையில் நம் தாளிப்புக்கு ஈடுகொடுக்கும் வகையில் புகையை வெளியே தள்ளும் ஹூட் வேண்டும் என்று உங்கள் வீட்டிலும் சொல்வார்கள். அதற்கு ஆறு முதல் எட்டு அங்குல வட்டத் துளை. ஒவ்வொன்றுக்கும் வரும் ஆள் சுவரைப் பார்த்ததும் திரும்பிப் போவார், அல்லது விலையை ஏற்றுவார், அல்லது ஒன்றும் சொல்லாமல் துளையிட்டுத் தூசியை உங்கள் முற்றத்தில் விட்டுச் செல்வார். மூன்றாமவர்தான் அதிகம்.

1952இல் கட்டிய வீட்டின் சுவருக்குள் குளிர்காப்பு ஏதும் இல்லாமல் இருக்கலாம். பொதுவாகச் சைடிங்கை (வெளிச்சுவரின் மேலுறையை) சில இடங்களில் கழற்றிவிட்டுச் செல்லுலோஸ் என்ற காகித இழைக் குளிர்காப்பை ஊதி நிரப்புவார்கள். உங்கள் சுவரில் அதற்குப் பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். உள்பக்கமிருந்து துளையிடுவது என்றால், பழைய சுவர்ப்பூச்சிலும் இணைப்புக் களிம்பிலும் கல்நார் உண்டா என்று பார்க்க வேண்டி வரும். கல்நார் கலந்த களிம்பை நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் தடைசெய்தது 1977இல்தான். கடந்த குளிர்காலத்தின் எரிவாயுக் கட்டணச் சீட்டுகளை விற்பவரிடம் கேளுங்கள். சுவரைப் பற்றி அவை நிறையச் சொல்லும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி: மேல்தளத்தை எழுப்பும் எண்ணம் உண்டா? கேப் காட் வாங்கும் நம்மவர்களில் பலர், பெற்றோர் வந்து ஆறு மாதம் தங்கும்போது இடம் போதவில்லை என்று இரண்டு மூன்று ஆண்டுக்குள் கூரையைத் தூக்கி டார்மரோ (சாய்கூரையிலிருந்து ஜன்னலோடு வெளியே நீட்டிக் கட்டும் பகுதி) முழுத் தளமோ கட்டுகிறார்கள். அப்படிச் செய்வதானால் ஷிங்கிளைத் தொடாமல் விடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. சிறிய வீட்டில்கூட முறையாக அகற்றும் செலவு மட்டுமே பத்தாயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம்; புதிய சைடிங் அதற்கு மேல் தனி. இதை வாங்கும் விலையோடு கூட்டிப் பாருங்கள். தெருவில் மற்ற வீடுகளைவிடக் குறைவு என்றீர்களே, கூட்டிய பிறகும் குறைவாக இருக்கிறதா?

காப்பீட்டுப் பாலிசியையும் இப்போதே கேட்டு வாங்கிப் படியுங்கள். மரக்கிளை விழுந்து பத்து ஷிங்கிள் உடைந்தால் பத்துக்கான பணம் வரலாம்; கல்நார்த் துப்புரவு என்ற பெயரில் வரும் செலவைப் பல பாலிசிகள் விலக்கி வைத்திருக்கின்றன.

ரயிலடி

மூவருக்கும் மிக்க நன்றி. வழக்கறிஞரிடம் சொல்லி மாதிரி எடுக்கும் உரிமையையும் விலகும் உரிமையையும் எழுதச் சொல்லிவிட்டேன். விற்பவரின் வழக்கறிஞர் பெரிய மறுப்பு இல்லாமல் ஏற்றுக்கொண்டார். நேற்று மறுபடியும் வீட்டைப் பார்க்க அனுமதித்தார்கள். பாய்லர் புதியது, செப்புக் குழாய்கள் வெறுமையாக இருக்கின்றன, உறை ஒன்றும் இல்லை. ஆனால் பேஸ்மென்டின் ஒரு பாதியில் ஒன்பது அங்குல ஓடுகள் இருக்கின்றன; ஓரிரண்டு மட்டும் பெயர்ந்திருக்கின்றன. முழங்கால் சுவருக்குப் பின்னால் பார்த்தோம். இளஞ்சிவப்புக் கண்ணாடி இழைப் பஞ்சு மட்டுமே தெரிகிறது.

கணக்குப்பிள்ளை அவர்கள் கேட்ட கேள்வியை நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசினோம். இரண்டு மூன்று ஆண்டில் பின்பக்கம் டார்மர் எழுப்ப வேண்டும் என்பதுதான் எங்கள் எண்ணமாக இருந்தது. அதைத் தள்ளிப்போட முடியாது.

இன்னும் இரண்டு கேள்விகள். ஏஜென்ட் சொல்கிறார், பழைய ஷிங்கிளைக் கழற்றவே வேண்டாம், அதன்மேலேயே வைனைல் சைடிங் போட்டு மூடிவிட்டால் கதை முடிந்தது, இது சட்டப்படி சரியான வழிதான் என்று. அது சரிதானா? இரண்டாவது, என் அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது? அவர் கேட்பதில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் படுகிறது.

பதில்: நுண்ணோக்கி

அப்பாவின் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. திருச்சி வீட்டின் ஷீட்டும் எடிசன் வீட்டின் ஷிங்கிளும் அடிப்படையில் ஒரே பொருள்தான்; சிமென்டுக்குள் இறுகிய வெள்ளைக் கல்நார். உடையாமல், அறுபடாமல் இருந்தவரை அதன்கீழ் குடியிருந்தவர்களுக்கு ஆபத்து குறைவே. ஆனால் ஷீட்டை அறுத்தவர், ஜே கொக்கி மாட்டத் துளையிட்டவர், வெயிலிலும் மழையிலும் மேற்பரப்பு அரித்துப்போன பழைய ஷீட்டைப் பெருக்கியவர் ஆகியோரைச் சேர்த்தல்லவா “யாருக்கு என்ன வந்தது” என்று கேட்க வேண்டும்? கல்நாரால் வரும் நுரையீரல் உறைப் புற்றுநோய் இருபது, முப்பது, சில நேரம் நாற்பது ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டும். அப்போது இளமையில் செய்த வேலையோடு அதை யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. வெள்ளைக் கல்நார் உட்பட எல்லா வகையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாக உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. இந்தியாவில் ஷீட்டு இன்றும் கடையில் கிடைக்கிறது என்பது அது தீங்கற்றது என்பதற்குச் சான்றாகாது. அமெரிக்கா மட்டும் ஒழுங்கு என்றும் சொல்ல முடியாது. 1989இல் கொண்டுவந்த தடையை 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெருமளவு நீக்கிவிட்டது. எஞ்சியிருந்த வெள்ளைக் கல்நார்ப் பயன்பாட்டைத் தடைசெய்யும் விதி 2024 மார்ச்சில்தான் வந்தது.

வைனைலால் மூடுவது சட்டப்படி தவறல்ல. நிறையப் பேர் செய்வதுதான். மூடுவதும் ஒருவகைப் பாதுகாப்பே. ஆனால் அதற்கும் மரச்சட்டங்களையோ நுரைப்பலகையையோ ஷிங்கிளின் ஊடாக ஆணியடித்துத்தான் பொருத்த வேண்டும். அந்தத் துளைகளில் ஷிங்கிள் விரியும். நீங்கள் டார்மர் கட்டப் போகிறீர்கள் என்பதால் உங்களுக்கு அது வீண் செலவு. இன்று மூடப் பணம், பிறகு மூடியதைக் கழற்றப் பணம், அதன் பின் ஷிங்கிளை அகற்றப் பணம். மேலும், மூடியபின் நாளைக்கு உங்களிடமிருந்து வாங்குபவருக்கு வெளியே ஒன்றும் தெரியாது, உங்களுக்குத் தெரியும். விற்பவராக நீங்கள் அதை எழுதித் தர வேண்டிய நிலை வரும்.

அகற்றும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கல்நார்ப் பொருள்களை அகற்றுவதில் ஷிங்கிள் எளிது என்றே சொல்வேன், ஏனெனில் அது முழுத் துண்டாகக் கழன்று வரும். தரையில் கனமான பிளாஸ்டிக் விரிப்பார்கள். சுவரை நனைத்துக்கொண்டே இருப்பார்கள். ஆணித்தலையை வெட்டியோ பிடுங்கியோ ஷிங்கிளை உடையாமல் எடுத்துக் கையால் இறக்குவார்கள். ஆறு மில் (ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு) தடிமனுள்ள பிளாஸ்டிக்கில் சுற்றி, எச்சரிக்கைச் சீட்டு ஒட்டி, இந்தக் கழிவை ஏற்கும் நிலநிரப்புக் களத்துக்கு அனுப்புவார்கள். மேலிருந்து கீழே எறிகிறவரையும் மின்னறுவை இயந்திரத்தோடு வருகிறவரையும் வேலையைத் தொடவிடாதீர்கள். மத்தியக் காற்றுத்தூய்மை விதிகள் நான்கு குடியிருப்புக்கு மேற்படாத வீடுகளுக்குப் பெரும்பாலும் பொருந்தாது என்பதைச் சில காண்ட்ராக்டர்கள் எதையும் செய்யலாம் என்று புரிந்துகொண்டிருக்கிறார்கள். நியூ ஜெர்சியில் கல்நார் அகற்றும் நிறுவனங்களுக்கு மாநிலத் தொழிலாளர் துறை உரிமம் தருகிறது. உரிமம் உள்ளவரிடமே விலை கேளுங்கள், நகராட்சிக் கட்டட அலுவலகத்திலும் தேவையான அனுமதிகளை விசாரித்துவிடுங்கள்.

பேஸ்மென்ட் தரை ஓடுகளை அப்படியே விடுங்கள். பெயர்ந்த ஓரிரண்டை நனைத்து எடுத்துப் பையிலிட்டுவிட்டு, மேலே மிதவைத் தரை (கீழே ஒட்டாமல் பரப்பும் தரை) போட்டால் போதும். தேய்த்துச் சமன் செய்ய மட்டும் யாரையும் அனுமதிக்காதீர்கள்.

பதில்: ராரிட்டன்கரை

டார்மர் எழுப்புவதாக முதலில் எழுதியிருந்தால் நானும் வேறு விதமாகவே சொல்லியிருப்பேன். எங்கள் வீட்டில் ஒன்றும் கட்டும் எண்ணம் இல்லை. அதனால்தான் அந்தச் சுவரோடு நிம்மதியாக இருக்க முடிகிறது. இன்னொன்று. இந்த வயதுள்ள நியூ ஜெர்சி வீட்டில் நான் முதலில் தேடுவது சைடிங்கை அல்ல, மண்ணுக்குள் புதைத்த எண்ணெய்த் தொட்டியை. இப்போது எரிவாயுவில் ஓடும் பாய்லர் என்றாலும், 1952இல் எண்ணெயில் ஓடியிருக்கலாம்; பேஸ்மென்ட் சுவரில் அடைத்துவிட்ட செப்புக் குழாயின் முனையோ, வெளியே புல்லுக்கு மேல் நீட்டிய இரும்புக் குழாயோ இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டி கசிந்திருந்தால் மண்ணைத் தோண்டி எடுக்கும் செலவுக்கு முன்னால் ஷிங்கிள் செலவு ஒன்றுமே இல்லை. தொட்டி தேடும் ஆய்வுக்குச் சில நூறு டாலர் போதும். கெடுவுக்குள் அதையும் செய்துவிடுங்கள்.

பதில்: கணக்குப்பிள்ளை

அப்படியானால் செய்ய வேண்டியது தெளிவு. ஆய்வு முடிவு வரும்வரை காத்திராமல், உரிமம் உள்ள இரண்டு நிறுவனங்களிடம் இப்போதே அகற்றும் விலையை எழுத்தில் வாங்குங்கள். சுவரின் பரப்பைச் சொன்னால் பூர்வாங்க விலை தருவார்கள். ஆய்வறிக்கையும் அந்த விலைச்சீட்டும் கையில் இருந்தால் விற்பவரிடம் பேசுவது எளிது. அறிக்கை கைக்கு வந்துவிட்டால் அவரும் இனிமேல் தெரியாது என்று யாருக்கும் சொல்ல முடியாது. நீங்கள் விலகினாலும் அடுத்து வருபவருக்கு அதைச் சொல்லியாக வேண்டும். இது உங்கள் பக்கம் உள்ள பலம்.

விற்பவரையே அகற்றித் தரச் சொல்லாதீர்கள். க்ளோசிங் (வீடு கைமாறும்) தேதிக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் கிடைத்த ஆளை வைத்து உடைத்துப் போடுவார். சில்லுகள் உங்கள் மண்ணில் கிடக்கும். விலையைக் குறைக்கவோ க்ளோசிங்கின்போது தொகையாகத் தரவோ கேளுங்கள். தொகையாக வாங்குவதானால், உங்கள் கடன் வகைக்கு எவ்வளவு வரை அனுமதி என்று வங்கியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், உச்சவரம்பு உண்டு. எப்.ஹெச்.ஏ. (மத்திய அரசு காப்பீடு தரும் வீட்டுக்கடன்) கடன் என்றால், 1978க்கு முன் கட்டிய வீட்டில் உரிந்த வண்ணத்தைச் சரிசெய்த பிறகே கடன் தருவார்கள். அதற்காக யாராவது அந்தத் தெற்குச் சுவரை உலர்ந்த நிலையில் சுரண்டத் தொடங்கிவிடப் போகிறார்கள், அதில் கண்ணாக இருங்கள். அந்த வேலையைச் செய்பவருக்கு ஈய வண்ணப் பணிக்கான மத்தியச் சான்றிதழும் இருக்க வேண்டும்.

அகற்றும் செலவு முழுவதையும் விற்பவர் ஏற்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். பாதி கிடைத்தால் நல்லது. மீதிப் பாதியையும் டார்மர் செலவையும் சேர்த்துக் கூட்டிய பிறகும், ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் அந்தப் பணத்துக்கு வேறு வீடு கிடைக்காது என்றால் வாங்குங்கள். கிடைக்கும் என்றால், விலகும் உரிமையை எழுதி வாங்கியிருக்கிறீர்கள். கெடு முடிவதற்கு ஒரு நாள் முன்னதாகவே வழக்கறிஞர் மூலம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது.